நன்றிப் பூசையில் நான் சொன்னது

என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். மூன்று வருடங்களுக்கு முன், ஒரு விடியற்காலை திடீரென்று காற்று எழும்பிப் படகு கவிழ்ந்துவிட்டது. பின்னேரம் வேறொரு படகுக்காரர் என் கணவரைக் கண்டெடுத்தார். மண்ணெண்ணெய் தீர்ந்த பிளாஸ்டிக் கான் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தாராம். பக்கத்து வீட்டுக்காரரின் உடல் இரண்டு நாள் கழித்துக் கொழும்புத்துறைக் கரையில் ஒதுங்கியது. சவக்காலையில் அவரை அடக்கம் செய்யும்போது என் கணவர் மதிலில் சாய்ந்திருந்தார்.

ஒரு மாதம் கழித்து நான் மாதா கோயிலில் நன்றிப் பூசை ஒன்று ஒப்புக்கொடுத்தேன். பூசை முடிவில் பங்குச் சுவாமியிடம் கேட்டு முன்னே போய் இரண்டு வார்த்தை பேசினேன்.

"அண்டைக்கு முழுக்க மாதாவுக்கு முன்னாலை முழங்காலிலை நிண்டு கேட்டனான். மாதா என்ரை செபத்தைக் கேட்டவ. மிதக்க ஒரு கானை அனுப்பி என்ரை மனுசனைக் காப்பாத்தித் தந்தவ."

மூன்றாம் வரிசை வாங்கில் இருந்த பக்கத்து வீட்டு அக்கா, இறந்தவரின் மனைவி, எழுந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். துக்கம் தாங்காமல் போகிறார் என்றே நினைத்தேன். என் பேச்சில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அக்கா கோயிலுக்கு வரவில்லை. ஒரு நாள் புட்டும் மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, அண்டைக்கு நானும் உனக்குப் பக்கத்திலைதான் முழங்காலிலை நிண்டனான். உன்ரை செபம் கேட்டுது. என்ரை கேக்கேல்லையோ? நான் அப்பிடி என்ன பிழை விட்டனான்?"

அன்று எங்கள் இருவரின் தோளும் முட்டிக்கொண்டிருந்தன. ஒரே செபமாலையை மாறி மாறிச் சொன்னோம். அதை எப்படி மறந்தேன்?

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லி அழுதேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"மாதா கான் ஒண்டும் அனுப்பேல்லை. அது அவன் பிடிச்சிருந்த கான். எனக்குக் கால் விறைச்சுப் போச்சு. 'நீ பிடி, நான் நீந்துவன்' எண்டு என்னட்டைத் தள்ளிவிட்டான்."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? அந்த வீட்டுக்கு முன்னாலைதானே நடந்து திரியிறன்."

அடுத்த நாள் இருவரும் போய் அக்காவிடம் சொன்னோம். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்பினேன். அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு, "அவர் அப்பிடித்தான்," என்றார். மகளின் பக்கம் திரும்பினார். "அப்ப என்ரை பிள்ளையை அவர் நினைக்கேல்லையோ?" என் கணவர் தலை குனிந்தபடி எழுந்து வெளியே போனார்.

சுவாமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கடவுள் ஆள் பாத்து நடக்கிறவர் இல்லை எண்டு நான்தான் உங்களுக்குப் பிரசங்கம் வைக்கிறனான். அண்டைக்கு நீங்கள் கதைக்கேக்கை நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தன்," என்றார் அவர்.

பக்கத்து வீட்டுக்காரரின் ஆண்டு நினைவுப் பூசையில் அதே இடத்தில் மறுபடியும் நின்றேன். அன்று சொன்னது பிழை என்றேன். மாதா என் வீட்டைத் தனியாகத் தெரிந்தெடுக்கவில்லை என்றும், என் கணவரைக் காப்பாற்றியவர் யார் என்பதையும் சொன்னேன். அக்கா வந்திருக்கவில்லை. மகள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சில மாதங்களில் அக்கா பூசைக்கு வரத் தொடங்கினார். என் பக்கத்தில் இருப்பதில்லை. கடைசி வாங்கில் இருப்பார். நானும் கூப்பிடவில்லை.

கடவுளுக்கு எல்லாரும் ஒன்று என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். அது இத்தனை பாரமான சொல் என்று தெரியாது. என் வீட்டின் மேல் அவருக்குத் தனிப் பிரியம் என்ற நினைப்பில் ஒரு கதகதப்பு இருந்தது. அது போய்விட்டது. கணவர் தொழிலுக்குப் போகும்போது இப்போது கரையிலிருந்து புறப்படுகிற எல்லாப் படகுகளுக்கும் சேர்த்துத்தான் செபிக்கிறேன். செபித்து முடித்தாலும் பயம் போவதில்லை.

போன கிழமை காலையில் காற்று மாறியது. படகு வரப் பிந்தியது. நான் வாசற்படியில் இருந்தேன். அக்கா வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"வந்திட்டாரோ?"

"இன்னும் இல்லை அக்கா."

படியில் என் பக்கத்தில் இருந்துவிட்டார். மதியம் கடந்து படகின் இயந்திரச் சத்தம் கேட்டது. என் கணவர் கரையேறி வருவதைக் கண்ட பிறகுதான் எழுந்தார். சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தன் வீட்டுக்கு நடந்தார்.