‘நீ எதுல ஓடுற?’ என்று கேட்க வைத்த ஜெசிந்தா

கட்டுமாவடி கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. ஜெசிந்தாவின் கணவர். “அண்ணே, ஜெசிந்தா காலைல நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டாளேண்ணே.” இறாலுக்கு விலை கேட்காமல் ஏலத்தை விட்டு வெளியே வந்தேன். மனதில் முதலில் ஜெசிந்தாவின் முகம் வந்தது. அடுத்து மணமேல்குடியில் மீன் வைக்கும் என் குளிர் அறை. மறைப்பானேன், வியாபாரி புத்தி அப்படித்தான் ஓடியது.

நம்மோடு கரையில் மீன் எடைபோட்டுக்கொண்டே உங்களில் பல வியாபாரிகளுக்குப் பில் போடக் கணினி நிரல் எழுதித் தந்தவர் அவர். எனக்கு எழுதித் தந்தது வேறு. அறையில் குளிர் குறைந்தால் கணினி அபாயச் சங்கை ஊத வைக்கும், நாங்கள் ஓடுவோம். உள்ளே கிடக்கும் சரக்கெல்லாம் அந்தச் சத்தத்தை நம்பித்தான்.

ஒருமுறை பழைய கணினி படுத்துவிட்டது. விலை படிந்ததென்று நான் ஒரு விண்டோஸ் கணினியைத் தூக்கி வந்தேன். பழையது லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தில் ஓடியது; அதனால் விண்டோஸுக்குள் லினக்ஸ் போல ஓர் அடுக்கு வைத்து நிரலை ஓட்டினோம். லாரியும் வந்துவிட்டது. சங்கு ஊதுகிறதா என்று பார்க்க ஜெசிந்தா வெப்பமானியை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினார். திரையில் எண் ஏறியது. சங்கு ஊதவில்லை.

“மீனை எறக்காதீங்கண்ணே.”

“ஏம்மா, லாரி வெயில்ல நிக்குது. எண்ணு ஒழுங்காத்தான வருது?”

“எண்ணு வருது, சத்தம் வரலையே. உள்ள வச்சப்பறம் சூடேறுனா ஒங்களுக்கு யாரு சொல்லுவா, மீனா?”

ஐஸ் வாங்கிக் கொட்டிவிட்டு இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தேன். சாயங்காலம் ஜெசிந்தா கோளாறைப் பிடித்துவிட்டார். விண்டோஸில் ஒரு மாதிரி, லினக்ஸில் ஒரு மாதிரி சத்தம் போட வைக்க வேண்டுமாம். அதனால் நிரல் முதலில் ‘நீ எதுல ஓடுற?’ என்று கேட்கும். நிரல்மொழியோடு கூடவே வரும் நூலகத்தில், அதாவது ஆயத்த நிரல் துண்டுகளின் தொகுப்பில், அதைக் கேட்கப் பல வழிகள். எண்ணைப் படிக்கும் பகுதி ஒரு வழியில் கேட்டு விண்டோஸ் என்று பதில் வாங்கியிருக்கிறது. சங்குப் பகுதி இன்னொரு வழியில் கேட்க, லினக்ஸ் மாதிரி என்று பதில் வந்திருக்கிறது. அந்த முறையில் ஊதச் சொன்னது விண்டோஸ் காதில் விழவில்லை.

“ஒரே மீனுக்குக் கரைக்கொரு பேரு சொல்றோம்ல, அந்தக் கதைதாண்ணே” என்றார்.

எல்லாப் பகுதியும் ஒரே இடத்தில் கேட்கும்படி மாற்றினார். அத்தோடு விடவில்லை. நூலகமே ஒரே பதிலைச் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று அந்த மொழியைப் பராமரிப்பவர்களுக்கு எழுதினார். அப்படி மாற்றினால் பழைய நிரல்கள் ஓடாமல் போகும் என்று பதில் வந்தது. இவர் மறுபடி எழுதினார். மீன் எடைபோடும்போதும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“ஒனக்கு இதுக்கு யாரும்மா சம்பளம் தர்றா?”

“ஒங்க மீனு தப்பிச்சிருச்சு. எந்த ஊர்லயோ மருந்து வச்ச குளிர்ப்பெட்டி இருக்கும்லண்ணே. அங்க நின்னு பொத்திப் பாக்க யாரு இருக்கா?”

அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. இனி அவர் பக்கத்தைப் பேச யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அவரை அடக்கம் செய்த வாரமே கணினி மறுபடி படுத்தது. புதுக்கோட்டையிலிருந்து பொறியாளர் ஒருவர் சின்ன டப்பா மாதிரி ஒரு கணினியைக் கொண்டுவந்தார். அதில் நான் பேர்கூடக் கேள்விப்படாத இயங்குதளம். நிரலை ஓட்டியதும் ஜெசிந்தா எழுதி வைத்திருந்த வரி திரையில் தமிழில் வந்தது: ‘இது எதுன்னு எனக்குத் தெரியல. சரக்கை வைக்காதீங்க.’

“லினக்ஸ்னே நெனைச்சுக்கன்னு ஒரு வரி மாத்துனா ஓடிரும் சார். தொண்ணூறு சதவீதம் சரியாத்தான் இருக்கும்” என்றார் பொறியாளர்.

வாசலில் லாரி. தொண்ணூறுக்குத் துணிந்து வாங்கி விற்று வளர்ந்தவன்தான் நான். ஆனாலும் “வேணாம் தம்பி, அந்த வரியத் தொடாதீங்க” என்றேன். சரக்கை அடுத்தவர் அறைக்கு வாடகைக்கு அனுப்பினேன்.

ஜெசிந்தாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அவருடைய பயம். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.