செவலை ஏறிய ரயில்

மே மாத உச்சிவெயிலில், மூன்று மணி நேரம் உங்களை ஓர் இரும்புக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டினால், அதற்கு ரசீதும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பீர்களா? செவலையை அப்படித்தான் ஏற்றினார்கள். அது நாய். அதனிடம் யாரும் கேட்கவில்லை.

செவலையை வளர்த்தவர் துரைப்பாண்டி. இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல் காடுகளில் நாற்பது வருடம் ஆடு மேய்த்தவர். உரத்துக்காக யார் காட்டில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்டாலும் அவற்றோடு அங்கேயே படுத்துக்கொள்வார். மனைவி இறந்தபின் அவருக்குத் துணை அந்த நாய் மட்டும்தான். போன கோடையில் அவருடைய முழங்கால் மடங்க மறுத்தது. மதுரையில் இருக்கும் மகள் முத்துமாரி, தன் வீட்டோடு வந்துவிடச் சொன்னாள். செவலையும் வந்தால்தான் வருவேன் என்றார். அவளும் சம்மதித்தாள். ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வியாபாரி ஆடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

துரைப்பாண்டி எல்லாவற்றையும் விதிப்படியே செய்தார். நாய்க்கு ஊசி போட்டுச் சான்றிதழ் வாங்கினார். சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்கு வந்து விசாரித்தார். முதல் வகுப்பில் ஒரு தனி அறையையே பிடிக்க முடிந்தவர் தன் நாயைக் காலடியில் வைத்துக்கொண்டு போகலாம். துரைப்பாண்டியின் நாய் கடைசிப் பெட்டியில், ரயில் கார்டின் இடத்தை ஒட்டி, நாலு பக்கமும் தகரம் அடைத்த கூண்டில் போக வேண்டும்.

நெரிசலான பெட்டிக்குள் நாயை விடக் கூடாது என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. குழந்தைகள் பயப்படும், கடித்தும் வைக்கலாம். சைக்கிளைக்கூடத்தான் உள்ளே ஏற்ற முடியாது. ஆனால் சைக்கிளுக்கு மூச்சு முட்டுமா? தாகம் எடுக்குமா? இரண்டையும் ஒரே மாதிரிச் சாமானாக நடத்துவதற்கு எந்த அறிவு இடம் கொடுத்தது?

பிளாட்பாரத்தில் ஒருவர் கிண்டல் செய்தார். "ஆட்ட வித்தாச்சு. நாய எங்கவே ஊர்வலம் கூட்டிட்டுப் போறீரு?"

"மக வீட்டு விருந்துக்குவே. என்னய விட அவனுக்குத்தான் அங்கன மரியாத."

கிடைக்காரர்கள் தங்கள் நாயைக் குட்டியிலேயே ஒரு கட்டுப்பாட்டுக்குப் பழக்குவார்கள். ஆடுகள் குடித்து முடித்த பிறகே அது தண்ணீரில் வாய் வைக்கும். அன்று துரைப்பாண்டி ஸ்டேஷன் குழாயில் சட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தார். செவலை சட்டியைப் பார்த்தது, சுற்றிலும் பார்த்தது. ஆடுகள் இல்லை. அது குடிக்கவில்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. நின்றவர்களிடமெல்லாம் காட்டிச் சொன்னார். மதுரையில் போய்க் குடித்துக்கொள்ளட்டும் என்று கூண்டில் ஏற்றிவிட்டார்.

முதல் இரண்டு நிறுத்தங்களிலும் இறங்கிப் பின்பக்கம் போகப் பார்த்தார். கால் ஒத்துழைக்கவில்லை. பாதித் தூரம் தாண்டுமுன் வண்டி ஊதியது. மூன்றாவது இடத்தில் வண்டி அதிக நேரம் நின்றதால் கூண்டுவரை போய்விட்டார். திறந்து பார்க்கக் கேட்டார். இறங்கும் ஊரில்தான் திறக்க முடியும் என்றார்கள். காதை வைத்துக் கேட்டார்.

"சத்தமே இல்ல தம்பி," என்று பிறகொரு நாள் என்னிடம் சொன்னார். "புள்ள அடங்கிப் படுத்திருக்கான்னு சந்தோசமா வந்து உக்காந்தேன்."

மதுரையில் கதவைத் திறந்தபோது, கூண்டின் தகரம் கையைச் சுட்டது. செவலை விறைத்துக் கிடந்தது.

உடலைச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தார். உயிரோடு இருந்தபோது அவ்வளவு விதிகள் இருந்தன. செத்த பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியாகக் கிடை போட்ட காட்டின் ஓரத்தில் புதைத்தார்.

அதன்பின் அவர் மகள் வீட்டுக்குப் போகவில்லை. இப்போது சங்கரன்கோவிலில், நான் தினமும் சைக்கிள் விடும் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறார். மாதம் ஒருமுறை முத்துமாரி வந்து கூப்பிட்டுப் பார்க்கிறாள். விதி என்கிறார்கள் பக்கத்தில் இருப்பவர்கள். அப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காற்றுக்கு வழியில்லாத கூண்டை விதியா செய்தது? மனிதர்கள் செய்தது அது. ஆனால் அவர் விதியையும் சொல்வதில்லை, ரயிலையும் சொல்வதில்லை.

"நாந்தான் கொன்னேன். ஆடு இல்லாமலும் குடிக்கப் பழக்கியிருக்கணும்லா?"

எத்தனை காரணம் சொன்னாலும் அவர் கேட்பதாக இல்லை. நான் சொல்வது அவருக்குப் போதவில்லை. அந்தக் கூண்டு மாறினால், குற்றம் யாருடையது என்று அவருக்கே புரியலாம். அதனால் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் ஊர் ஸ்டேஷனில் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். கூண்டுக்குக் காற்று வேண்டும், தண்ணீர் வேண்டும், வழியில் திறந்து பார்க்க அனுமதி வேண்டும் என்று எழுதுங்கள். கீழே உங்கள் பெயரையும் முகவரியையும் போடுங்கள். அடுத்த மே மாதத்துக்கு முன் எழுதுங்கள்.