இழை தாவிய கோடு

பூமிக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலிப் படத்தில் பாறை அடுக்குகளைக் கோடுகளாக வரைவது என் வேலை. ராஜபாளையம் வீட்டிலிருந்தே காவிரிப் படுகையின் ஒரு பகுதியை வரைந்து முடித்திருந்தேன். ஆனால் அங்கே எண்ணெய் தேடி முன்பே தோண்டிய கிணற்றில், மணற்பாறை என் கோட்டைவிட வெகு ஆழத்தில் கிடைத்திருந்தது. யோசிக்காமல், 'கிணற்றுப் பதிவு தவறு' என்று அறிக்கையில் எழுதிவிட்டேன்.

பேண்டேஜ் துணி ஆலையில் துணி சரிபார்க்கும் என் மனைவி செல்வி, வேலை முடிந்து ஆலை பஸ்ஸில் வந்து இறங்கி, திரையில் இருந்த படத்தையும் அறிக்கையையும் பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் கோடு பாதியில வேற இழைக்குத் தாவிருச்சே?"

"இது துணியில்ல, பாறை. பேசாம போ."

"கையைச் செத்த நேரம் எடுங்க." நகத்தால் கோட்டைத் தொடர்ந்தவள் ஓரிடத்தில் நின்றாள். அங்கே அடுக்குகள் முறிந்து ஒரு பக்கம் கீழிறங்கியிருந்தன. கோட்டைத் தானாக நீட்டிச் செல்லும் கணினி, அங்கே மேலே இருந்த வேறோர் அடுக்கைப் பிடித்துக்கொண்டு போயிருந்தது, நானும் நம்பியிருந்தேன். திருத்தி வரைந்ததும், கோடு கிணற்றின் மணற்பாறையில் சரியாகப் போய் முட்டியது.

"அம்புட்டுத்தானா? பொறவு எதுக்கு, கிணத்துல வேல பாத்தவுக மேல பழி போட்டீங்க?"

அந்த வரியை உடனே அழித்தேன். 'பேசாம போ' என்றதை எப்படி அழிப்பது? இப்போதெல்லாம் எந்த அறிக்கையையும் அனுப்பும் முன், ஆலை பஸ் வரும்வரை காத்திருக்கிறேன்.