டட்லியின் ஏழு மணி

ரோண்டா குடியிருக்கும் தெருவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. தெருவின் தென்பக்கம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், வடபக்கம் குயின்ஸ்லாந்து மாநிலம். குளிர்காலம் முழுக்க இரண்டு பக்கமும் ஒரே மணிதான். அக்டோபர் முதல் ஞாயிறு வந்ததும், கோடை மாலையில் வெளிச்சம் நீளட்டும் என்று தென்பக்கத்துக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். வடபக்கத்துக்காரர்களோ, இருக்கிற வெயிலே போதும் சாமி என்று தொடவே மாட்டார்கள். அதற்கப்புறம் ஏப்ரல் வரைக்கும் பால் வாங்கத் தெருவைத் தாண்டினால்கூட மணி மாறிவிடும்.

ரோண்டாவின் வீடு தென்பக்கம், ட்வீட் ஹெட்ஸ். அவள் வேலை பார்க்கும் ரொட்டிக்கடை வடபக்கம், கூலங்காட்டா. அதனால் கோடையில் அவள் உடம்பு குயின்ஸ்லாந்து மணியில் ஓடும். அவள் புருஷன் டெஸ் ஓய்வுபெற்ற பிளம்பர். சமையலறை அடுப்பின் கடிகாரத்தில் எரியும் பச்சை எண்கள்தான் அவனுக்கு வேதவாக்கு. அந்த அடுப்பு சுத்த நியூ சவுத் வேல்ஸ். முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் இந்த இரண்டு மணியால் வந்த பெரிய சேதம் காய்ந்துபோன ஆட்டுக்கறித் துண்டுகள்தான். டட்லி வரும்வரை.

கைவிடப்பட்ட நாய்களை மீட்கும் ஒரு குழுவுக்காக ரோண்டா ஆறு வருஷமாக நாய் வளர்த்துக் கொடுக்கிறாள். நல்ல வீடு அமையும்வரை வைத்திருந்து, தேற்றி, அனுப்பிவிட வேண்டும். அதுதான் வேலை. பதினோரு நாய்களை அப்படி அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொன்றும் போன பிறகு இரண்டு நாள் அழுவாள், படுக்கையைத் துவைத்துக் காயப்போடுவாள், குழுத் தலைவி கிளெனிஸுக்கு போன் போட்டு, "அடுத்தது எது?" என்பாள். வளர்க்க வந்த நாயைப் பிரிய முடியாமல் தானே வைத்துக்கொள்கிறவர்களுக்கு அந்தக் குழுவில் 'தோத்தவங்க' என்று கேலிப்பெயர். ரோண்டா தோற்றதே இல்லை.

டட்லி பன்னிரண்டாவது. ஜூன் மாதம் வந்தது. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஒரு மேஜைக்காலில் கட்டிப்போட்டுவிட்டு எந்தப் புண்ணியவானோ காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பத்து வயது, நீலச் சாம்பல் நிறம், மாடு மேய்க்கும் நாய்க் கலப்பு. ஒரு கண்ணில் பால் படர்ந்திருந்தது, சர்க்கரை வியாதி. காலை ஏழுக்கு ஓர் இன்சுலின் ஊசி, மாலை ஏழுக்கு ஓர் ஊசி, ஊசியோடு சேர்த்துச் சாப்பாடு. நடுவில் ஒரு பருக்கை கூடாது. டட்லி இதை ஒப்புக்கொண்டதே இல்லை. தட்டை நக்கி முடித்த மறுநொடியே ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்று, ஒரு வாரமாகப் பட்டினி கிடப்பதுபோல முனகும். அப்படியொரு பொய்யனை ரோண்டா பார்த்ததில்லை.

"பென்ஷன்காரன் வீட்டுக்குப் பென்ஷன் நாயா?" என்று முதல் நாள் டெஸ் கேட்டான். ஆகஸ்டுக்குள் நாய் அவன் பாதத்தின் மேல் உட்கார்ந்துதான் டிவி பார்த்தது. ஆனால் ஊசி நேரம் வந்தால் மட்டும் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். இரும்புக் குழாயை அலுங்காமல் வளைக்கிற ஆள், இத்தனூண்டு ஊசிக்கு வெலவெலத்துப்போவான்.

செப்டம்பரில் ரோண்டா டட்லியைத் தானே தத்தெடுக்க மனுப் போட்டாள். கிளெனிஸ் ஒரே வரியில் விரலை வைத்தாள். நோயாளி நாய் என்றால் மருந்து கொடுக்க வீட்டில் இரண்டு பேர் வேண்டும். மனுவில் ஒரு பெயர்தான் இருந்தது.

"நீங்க நாளைக்கே வழுக்கி விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டா அவனுக்கு யாரு போடுவா ரோண்டா? லிஸ்மோர்ல ஒரு ஜோடி கேட்டுக்கிட்டே இருக்காங்க. ரெண்டு பேருமே கால்நடை நர்ஸ். அடுத்த புதன்கிழமை வந்து பாத்துட்டு முடிவு சொல்றேன்."

அன்று ராத்திரி ரோண்டா புருஷனிடம் கெஞ்சினாள். ஒரு தடவை கற்றுக்கொள், ஒரே ஒரு தடவை.

"கண்ணு, ஊசியைப் பாத்தாலே எனக்கு முட்டி கழண்டுடும். விட்டுடேன்."

"அப்ப அவனை அவங்களே கொண்டுபோகட்டும்கிறியா?"

டெஸ் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். நாலு நாள் ரோண்டா அவனோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கடிகாரம் மாறியது. டட்லி வந்த பிறகு முதல் தடவை. ரோண்டா முன்கூட்டியே கால்நடை மருத்துவமனைக்கு போன் போட்டுக் கேட்டிருந்தாள். நாய்க்குக் கோடை மணி, குளிர் மணி எல்லாம் கிடையாது, பழைய நேரத்தையே விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பழைய நேரம் என்றால் குயின்ஸ்லாந்து நேரம். கடையில் அவள் பார்க்கிற கடிகாரமும் அதுதான். இதை அவள் டெஸ்ஸிடம் சொல்லவும் செய்தாள். எப்போது? ஞாயிறு மாலை, ரக்பி இறுதியாட்டம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தபோது.

"டட்லிக்கு இனிமே குயின்ஸ்லாந்து ஏழு. நம்ம அடுப்புல எட்டு. கேக்குதா?"

"ம்."

புருஷன்மாரின் 'ம்' எவ்வளவு பெறும் என்று தெரிந்தும் ரோண்டா அதை நம்பினாள். என்ன சொல்ல!

மறுநாள் திங்கள், விடுமுறை. அவள் வழக்கம்போல விடியுமுன்னே கடைக்குப் போனாள். ஏழு மணிக்கு இடைவேளையில் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். டெஸ் இல்லை. புல்தரையில் பந்து உருட்டும் பவுல்ஸ் கிளப்பில் விடுமுறைப் போட்டி, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு போயிருப்பான். சமையலறை வழக்கத்துக்கு மாறாகப் பளிச்சென்று இருந்தது. அதை அவள் கவனித்தாள், ஏனென்று யோசிக்க நேரமில்லை. டட்லி ஃபிரிட்ஜ் முன்னால் நின்று உயிர் போகிறதுபோல முனகியது.

"இரு இரு, வந்துட்டேன்டா ராஜா."

பத்து யூனிட். தோள்பட்டைத் தோலைத் தூக்கி ஒரே குத்து. தட்டு நிறையச் சாப்பாடு. டட்லி கொஞ்சம் மெதுவாகத்தான் தின்றது. அவள் கதவைச் சாத்திவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

எட்டரை மணிக்குக் காகிதப் பை எடுக்க உள்ளறைக்குப் போனபோதுதான் தன் கைப்பையில் போன் மினுங்குவதைப் பார்த்தாள். டெஸ்ஸிடமிருந்து குரல் செய்தி. காதில் வைத்தாள்.

"கண்ணு, நீ இன்னும் வரல. ஏழு தாண்டி அஞ்சு நிமிஷம் ஆச்சு. டட்லி கத்தறான், பாவமா இருக்கு. அதனால..." மூச்சு வாங்குகிற சத்தம். "நானே போட்டுட்டேன். ஆமா, நான்தான்! பத்து யூனிட். கண்ணைக்கூட மூடிக்கல. சாப்பாடு வெச்சு, தட்டையும் கழுவிட்டேன். புதன்கிழமை அந்தம்மா வந்தா என் பேரையும் எழுதிக்கோ."

கேட்டு முடிக்குமுன் அவள் முகம் மலர்ந்தேவிட்டது. அடுத்த நொடி அந்த 'ஏழு' உறைத்தது. அடுப்பு ஏழு. குயின்ஸ்லாந்து ஆறு. அவன் போட்டு ஒரு மணி நேரத்தில் அவளும் போட்டிருக்கிறாள்.

மாவுக்கையோடு தெருவைத் தாண்டி ஓடினாள். டட்லி துணி துவைக்கும் அறைத் தரையில் கிடந்தது. பின்னங்கால்கள் நடுங்கின. அவள் குரல் கேட்டு எழுந்திருக்கப் பார்த்தது, ஒருக்களித்துச் சரிந்தது. ரோண்டாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனாலும் சர்க்கரைப் பாகு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று கை கண்டுபிடித்துவிட்டது. விரலில் வழித்து நாயின் ஈறில் தேய்த்தாள். இன்னொரு கையால் டெஸ்ஸைக் கூப்பிட்டாள்.

"வண்டியை எடுத்துட்டு வா! நீயும் போட்டே, நானும் போட்டுட்டேன்!"

அவன் ஐந்து நிமிஷத்தில் வந்தான், வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக. உள்ளூர் மருத்துவமனை விடுமுறைக்குப் பூட்டியிருந்தது. திறந்திருந்தது வடக்கே அரைமணி நேரத் தொலைவில் உள்ள அவசர மருத்துவமனைதான். ரோண்டா பின்சீட்டில் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நெடுஞ்சாலையில் அலைச்சறுக்குப் பலகை கட்டிய கார்கள் ஊர்வலம் போயின. விடுமுறையாம், கொண்டாட்டமாம்!

"அடுப்பைப் பாத்துத்தானே போட்டே? நேத்துதானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்!"

"நீ வரல ரோண்டா. ஏழு மணிக்கு நீ வரல."

"நான் என்னைக்காவது லேட்டா வந்திருக்கேனா? ஒரு போன் பண்ணிக் கேக்கக் கூடாதா?"

"பண்ணினேன். நீ எடுக்கல."

டட்லியின் உடம்பு ஒரு தடவை விறைத்து வெட்டியது. அவள் மறுபடி பாகைத் தேய்த்தாள். விரலை நக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. முன்சீட்டில் டெஸ்ஸின் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தாள். அழுதுகொண்டே ஓட்டுகிறான் என்று தெரிந்ததும் திட்டுவதை நிறுத்திக்கொண்டாள்.

மருத்துவமனையில் டேமியன் என்ற இளவயது டாக்டர் நாயைத் தூக்கிக்கொண்டே கேட்டார். "முதல் ஊசி எத்தனை மணிக்கு?"

"ஏழு" என்றான் டெஸ்.

"ரெண்டாவது?"

"ஏழு" என்றாள் ரோண்டா.

"ஒரே நேரத்துலயா? ரெண்டு பேரும் நின்னு போட்டீங்களா?"

"இல்ல, இவரோட ஏழு வேற, என்னோட ஏழு வேற..."

டாக்டர் நின்றுவிட்டார். "எனக்கு ஒரு மணி சொல்லுங்கம்மா. சீக்கிரம்."

ரோண்டா மேஜையை ஓங்கித் தட்டினாள். "குயின்ஸ்லாந்து ஆறு, குயின்ஸ்லாந்து ஏழு. மொத்தம் இருபது யூனிட். ரெண்டு தடவையும் சாப்பிட்டிருக்கான்."

"எல்லையிலேர்ந்து வர்றீங்களா?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

பிற்பகல் மூன்று மணிக்குத்தான் வெளியே வந்தார். நரம்பில் குளுக்கோஸ் ஏறுகிறது, தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டான், பிழைத்துக்கொள்வான் என்றார். இரண்டாம் தட்டுச் சாப்பாடும் ஈறில் தேய்த்த பாகும்தான் காப்பாற்றியிருக்கின்றன. ரோண்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பொய்யன் பிழைத்தான், பொய்யால்!

ஆனால் புதன்கிழமை இருக்கிறதே. ரோண்டா டெஸ்ஸின் காதருகே குனிந்தாள். "கிளெனிஸ்கிட்ட... இப்பவே சொல்லணுமா? புதன்கிழமை முடியட்டுமே."

சொன்னவுடன் அவளுக்கே வெட்கமாக இருந்தது. டெஸ் அவள் கையிலிருந்த போனை வாங்கினான்.

"கிளெனிஸ், டெஸ் பேசறேன். இன்னிக்கு உங்க நாயைக் கொல்லப் பாத்தேன்." ஒன்று விடாமல் சொன்னான். அடுப்பு, ஏழு மணி, கழுவின தட்டு.

"புதன்கிழமை வர்றேன்" என்று மட்டும் சொல்லி கிளெனிஸ் வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நாய் வீட்டுக்கு வந்தது. டெஸ் கறுப்பு டேப்பை எடுத்து அடுப்பின் பச்சை எண்கள்மேல் ஒட்டினான். ஃபிரிட்ஜ் தலைமேல் பழைய அலாரம் கடிகாரம் ஒன்றை வைத்து, அதன் நெற்றியில் 'டட்லி' என்று எழுதினான். அன்று காலையும் மாலையும் அவன்தான் ஊசி போட்டான், ரோண்டா பக்கத்தில் நிற்க. இரண்டு தடவையும் அவன் நெற்றி வியர்த்தது.

புதன்கிழமை மாலை கிளெனிஸ் வந்தாள். நெட்டையான மனுஷி, சிரிப்பை அளந்து செலவழிப்பவள். அவள் காரின் பின்னால் காலி நாய்க்கூண்டு ஒன்று இருந்ததை ரோண்டா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

கிளெனிஸ் உட்காரவில்லை. தன் போனைப் பார்த்தாள். "ஏழு ஆச்சு. டெஸ், நீங்க போடுங்க. நான் பாக்கணும்."

டட்லி அதற்காகவே காத்திருந்ததுபோல ஃபிரிட்ஜ் முன்னால் நின்று முனக ஆரம்பித்தது. டெஸ் தலையைத் தூக்கி அலாரம் கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு.

"இல்ல" என்றான். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

"எனக்கு இன்னும் ரெண்டு வீடு போகணும். ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆகிடாது."

"ஆகும். ஆனதைப் பாத்தேன்."

"பாருங்க, நாய் எப்படிக் கத்தறான். பசிக்குது அவனுக்கு."

"கத்தட்டும். வேணும்னா நீங்களும் கூடச் சேந்து கத்துங்க. உங்க போன்ல எட்டு ஆகுறதுக்கு முன்னால இந்த ஃபிரிட்ஜ் திறக்காது." டெஸ் நாற்காலியை இழுத்து ஃபிரிட்ஜ் கதவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்துவிட்டான்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் ரோண்டா. கிளெனிஸ் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கைப்பையைக் கீழே வைத்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ரோண்டா டீ போட்டாள், யாரும் குடிக்கவில்லை. டட்லி ஒவ்வொருவர் முழங்காலிலும் மூக்கை வைத்துத் தன் பட்டினியை முறையிட்டது. ஒரு மணி நேரம் அவ்வளவு நீளமானது என்று ரோண்டாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அலாரம் அடித்தது. டெஸ் எழுந்து மருந்தை எடுத்தான், பத்து யூனிட் இழுத்தான், வெளிச்சத்தில் காட்டிச் சரிபார்த்தான். முகத்தைத் திருப்பவில்லை. தட்டில் முகம் புதைத்திருந்த டட்லி தலையைக்கூடத் தூக்கவில்லை.

கிளெனிஸ் பையிலிருந்து மனுவை எடுத்து மேஜையில் விரித்துப் பேனாவை நீட்டினாள். "அந்தப் போன் நீங்களா பண்ணினீங்க பாருங்க, அப்பவே பாதி முடிவு பண்ணிட்டேன். மீதியை இப்ப பாத்தேன். ரெண்டாவது பேரை எழுதுங்க."

டெஸ் கொட்டை எழுத்தில் தன் பெயரை எழுதினான். மருந்து நேரம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. "எந்த மணியைப் போடட்டும்?"

"நாயோட மணியை."

ஏழு என்று எழுதினான். பக்கத்திலேயே குயின்ஸ்லாந்து என்று எழுதி, இரண்டு கோடு போட்டான்.

"ரோண்டா," என்றாள் கிளெனிஸ், "பதினொண்ணு ஜெயிச்சீங்க. இன்னிக்குத் தோத்துட்டீங்க."

ரோண்டா டெஸ்ஸின் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். டட்லி தட்டைக் கடைசியாக ஒரு நக்கு நக்கிவிட்டு ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்று முனகியது.

"பொய் சொல்றான்" என்றான் டெஸ்.