சாலினாஸ் ஓடுதளத்தில் நெரேயிதாவின் சாம்பல் குழாய்

நெரேயிதா சின்ட்ரோன், உதிரிபாகக் கடை ஒஸ்வால்தோவுக்கு எழுநூறு டாலர் கடன்பட்டிருந்தாள். ரகசியக் கடன் ஒன்றுமில்லை. எங்கள் தீவின் தென்கரையில், குவாயாமா கடைத்தெருவில் அவன் கடைக்கு ஸ்பார்க் பிளக் கேட்டு வந்தவனுக்குக்கூட பிளக்கோடு சேர்த்து அந்தக் கடனும் காதில் விழும். அவளுடைய கொரோலா கார் சூடேறி எஞ்சினின் மேல்பாகம் வளைந்துபோனபோது, சாமானும் கூலியும் கணக்கில் எழுதிக்கொண்டு சரிசெய்து கொடுத்தவன் அவன்தான். நல்ல காரியம். அதை நல்ல காரியமாகவே விட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

நெரேயிதா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அப்பா கரும்பு வெட்டிய காலத்தில் அடுக்குப் பாத்திரத்தில் சோறும் பீன்ஸும் தூக்கிக்கொண்டு வயலுக்கு ஓடினாள். கரும்பு போனது, ஆலை மூடியது, அந்த நிலத்தில் மருந்துத் தொழிற்சாலைகள் எழுந்தன. அவள் மட்டும் சாப்பாடு தூக்குவதை விடவில்லை. அறுபது வயது தாண்டியும் நாள் தவறாமல் நாற்பது பேருக்குச் சமைத்து, காரில் ஏற்றி, தொழிற்சாலை வாசலுக்கும் கயேய் மலைமேல் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். புருஷன் வேலை தேடி நியூயார்க் போய், வேலையோடு இன்னொரு குடும்பத்தையும் தேடிக்கொண்டான். அவன் விட்டுப்போனதில் உருப்படியானது ஸ்பானர் பெட்டி ஒன்றுதான். அதை வைத்துக் காரைக் கழற்றினாள், மாட்டத் தெரியாமல் அழுதாள், மறுபடி கழற்றினாள். யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்பது நம் அபிப்பிராயம். சொந்தக் கையால் மேலே வந்தவர்களுக்கு இது விளங்கும்.

மலை ஏறும்போது கொரோலா மூச்சு வாங்கியது. நாற்பது சாப்பாட்டின் கனம் சும்மாவா? காற்று நன்றாகப் போனால் எஞ்சின் இன்னும் இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை ஒஸ்வால்தோ கடைக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று, எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் ஓர் உலோகக் குழாய், அதன் நுனியில் கூம்பு ஃபில்டர்.

"இது எவ்வளவு?"

"முந்நூறு" என்றான் ஒஸ்வால்தோ. "உனக்கு எதுக்கும்மா அது? மொதல்ல எழுநூறைக் கட்டு. மூச்சுக்குழாயை அப்புறம் பாத்துக்கலாம்."

கடையில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். அவள் குழாயை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தாள், திரும்ப வைத்தாள்.

"ரெண்டு வளைவு, ஒரு ஃபில்டர். இதுக்கா முந்நூறு? என் வீட்டுச் சாக்கடைக்குப் போட்ட குழாயே இதைவிட அழகா வளைஞ்சிருக்கு."

"அப்ப அதையே கழட்டி மாட்டிக்கோ."

"மாட்டத்தான் போறேன்."

ஒஸ்வால்தோவின் அக்கா மகன் யாதியேல் கல்லாப்பக்கம் சாய்ந்து நின்றான். அவனிடமும் கொரோலாதான், அதே வருஷம், அதே எஞ்சின். மாமன் கடைக் குழாயைப் போன மாதம்தான் மாட்டியிருந்தான். வயதில் பெரிய பெண்களை எங்கள் பக்கம் மரியாதையாக 'தோன்யா' என்போம்; அவனும் அப்படித்தான் ஆரம்பித்தான். "தோன்யா, சாக்கடைக் குழாயை மாட்டுனா காரு ஏப்பம்தான் விடும்!"

"உன் காரு இப்ப விடுறதுக்குப் பேரு என்னடா தம்பி? அதைச் சபையில சொல்ல முடியாது."

இந்தத் தடவை சிரிப்பு அவள் பக்கம் திரும்பியது. ஒஸ்வால்தோவுக்கு அது பொறுக்கவில்லை. "வாய் பேசினது போதும். அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு சாலினாஸ் கார்ப் பந்தய ஓடுதளத்துக்கு வா. இவன் காரோட ஓடு. நீ ஜெயிச்சா கடனே இல்ல. தோத்தா சாவியை இங்க வெச்சிட்டு பஸ்ல போ."

சாவி போனால் சாப்பாடு போகும். சாப்பாடு போனால் அவளுக்கு மிஞ்சுவது பிள்ளைகள் வீட்டு மூலை. அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"வரேன்" என்றாள். "உன் மருமகனை நல்லாத் தூங்கிட்டு வரச் சொல்லு."

முதலில் செய்தது தப்பாய்ப் போனது. துணி உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் போகும் மடிப்பு மடிப்பான குழாயை வெட்டி மாட்டினாள். எப்படி வேண்டுமானாலும் வளையும், இரண்டே டாலர். கயேய் சாலையில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் கார் திணறி நின்றது. பானெட்டைத் திறந்தால், எஞ்சின் உறிஞ்சிய உறிஞ்சலில் குழாய் சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிக் கிடந்தது. சாலையோரமே அதைப் பிடுங்கி எறிந்து, அதற்குப் புரியும் பாஷையில் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்தாள்.

பிறகு எலக்ட்ரிக் கடைக்குப் போனாள். தெருக்கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வயர் இறக்குவதற்கு சாம்பல் நிறத்தில் தடித்த பிளாஸ்டிக் குழாய் ஒன்று வரும். தண்ணீர்க் குழாயின் முழங்கை மூட்டு வெடுக்கென்று திரும்பும். இது யானைத் தும்பிக்கை மாதிரி நிதானமாக வளையும். காற்றுக்கு அந்த வளைவுதான் வேண்டும். குழாயின் வாயை எஞ்சினின் வாயோடு பொருத்துவதுதான் பாடு. வாழையிலையில் கட்டி வேகவைக்கும் பஸ்தேலுக்கென்று தெருவுக்கே தெரிந்த பாத்திரம் அவள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. குழாயின் நுனியை அதற்குள் விட்டாள்.

சமையலுக்கு ஒத்தாசையாக இருக்கும் தொமாசா அலறினாள். "அக்கா! அது சாப்பாட்டுத் தண்ணி! உன் காருக்கும் சேத்து வேக வைக்கிறியா?"

"அது நம்மளத் தூக்கிட்டுப் போகுதில்ல? ஒருநாள் சூடாச் சாப்பிடட்டும். நீ வேற தண்ணி வை."

இளகிய நுனியை எஞ்சின் வாயில் அழுத்தி, ஆறும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். அச்சு எடுத்தாற்போல் கவ்விக்கொண்டது. காற்றின் சூட்டை அளக்கும் சின்ன சென்சாருக்குத் துளை போட்டு, ரப்பர் வளையம் வைத்துச் செருகினாள். அதைத் தொங்கவிட்டால் எஞ்சின் வேகும் சூட்டைக் காற்றின் சூடு என்று நினைத்துக் கார் ஏமாந்துபோகும். ஃபில்டரை பானெட்டுக்குள் வைக்கவில்லை. ஹாரனைக் கழற்றி வேறிடத்தில் மாட்டிவிட்டு, பம்பருக்குப் பின்னால் வெளிக்காற்று அடிக்கும் பொந்தில் இறக்கினாள். அடுப்பை ஒட்டி நின்று மூச்சு விட்டுப் பார், ஜன்னலோரம் நின்று மூச்சு விட்டுப் பார். நாற்பது வருஷம் சமைத்தவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பக்கத்து நகரமான பொன்ஸேயில் வாங்கிய ஃபில்டரோடு சேர்த்து மொத்தச் செலவு நாற்பது டாலரைத் தொடவில்லை.

சாலினாஸ் வெயிலை நாங்கள் பிறந்ததிலிருந்து தின்று வளர்ந்தவர்கள், ஆனாலும் பந்தய ஞாயிறன்று அது தாரை இளக்கியது. ஓடுவதற்கு முன் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு. எங்கள் பையன்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினை அணைக்கவே மாட்டார்கள். ஏசி வேண்டும், பாட்டு வேண்டும், பக்கத்துக் காரின் பெண்பிள்ளை பார்க்க உறுமவும் வேண்டும். யாதியேலும் அப்படித்தான் உள்ளே சாய்ந்து கிடந்தான்.

நெரேயிதா எஞ்சினை அணைத்தாள், பானெட்டைத் தூக்கிவிட்டாள். வரிசை நகர்ந்தபோது ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கதவோரம் தள்ளினாள். பின்னால் தொமாசா தள்ளினாள்.

யாதியேல் கண்ணாடியை இறக்கினான். "என்ன தோன்யா, காரு செத்துப்போச்சா? சவ ஊர்வலமா?"

"தூங்குதுடா. சத்தம் போட்டு எழுப்பாத."

"அக்கா, முதுகு போகுது" என்று முனகினாள் தொமாசா. "ஸ்டார்ட் பண்ணித் தொலையேன்."

"முதுகு போனா எண்ணெய் தேய்ச்சுக்கலாம். காரு போனா என்னத்தைத் தேய்ப்ப? தள்ளு!"

புறப்படும் கோட்டுக்கு வந்ததும்தான் பானெட்டை மூடிச் சாவியைத் திருப்பினாள். யாதியேல் ஸ்பீக்கர் பெட்டி, பின் சீட்டு எல்லாம் கழற்றிவிட்டு வந்திருந்தான். அவள் எதையும் கழற்றவில்லை. காலிப் பாத்திரங்கள்கூடப் பின்னால் கடகடத்தன.

பச்சை விளக்கு விழுந்தது. முதலில் அவன்தான் முந்தினான். அவன் குழாயின் கர்ஜனையில் ஜனம் எழுந்து நின்றது. இரண்டாம் கியர்வரை அவன் பின் விளக்கைத்தான் அவள் பார்த்தாள். மூன்றாம் கியரில் அந்த விளக்கு அருகே வந்தது, பக்கத்தில் வந்தது, பிறகு காணவில்லை. அரைக் கார் நீளம். பலகையில் அவள் எண்தான் எரிந்தது.

தொமாசா தொண்டை கிழியக் கத்தினாள். "சட்டி பானையோட ஜெயிச்சாடா! ஓட்டினவ எடையையும் சேத்துக்கோ!"

நெரேயிதா திரும்பி வந்து யாதியேலின் பானெட்டைத் திறக்கச் சொன்னாள். "அந்தப் பளபளப்பைத் தொட்டுப் பாரு."

தொட்டான். சுட்ட கையை உதறினான். அவள் காரின் சாம்பல் குழாய்மேல் கையை வைத்தான், எடுக்காமலே நின்றான்.

"சரி, கடன் போச்சு" என்றான் ஒஸ்வால்தோ, யார் முகத்தையும் பார்க்காமல்.

அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் புதன்கிழமை தொழிற்சாலை வாசலில் சாப்பாடு வாங்கிய ஒருவன், "தோன்யா, ஒஸ்வால்தோ உங்க கடனை மன்னிச்சிட்டாராமே?" என்றான்.

"என்னது?"

"தனியா இருக்கிற பொம்பளை, பாவம், நான்தான் பையன்கிட்ட விட்டுக்கொடுக்கச் சொன்னேன், எழுநூறு டாலர் தர்மம்னு நினைச்சுக்கிட்டேன்னு கடையில சொல்லிட்டிருந்தார்."

அவள் கையிலிருந்த கரண்டி சோற்றிலேயே நின்றது. வாழ்நாளில் யாரிடமும் தர்மம் வாங்காதவள். புருஷன் போன வருஷத்தில்கூட, அரசாங்க உணவுச் சீட்டு கொண்டுவந்தவரைக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பியவள். ஜெயித்ததை எடுத்துத் தர்மம் என்கிறானா?

பந்தயத்துக்குப் பிறகு தங்கள் காருக்கும் அந்தக் குழாய் கேட்டவர்களிடம் "முடியாது" என்று சொல்லிவந்தவள், அன்றிலிருந்து காசு வாங்கிக்கொண்டு செய்துகொடுக்க ஆரம்பித்தாள். கேட்டவர்கள் நிறையப் பேர். காலையில் சமையல், மதியம் சாப்பாட்டு ஓட்டம், பொழுது சாயும்முன் முற்றத்தில் குழாய். தொமாசா தனியாக ஒரு பழைய பாத்திரத்தைக் குழாய்க்கென்று ஒதுக்கி, அதில் சிவப்புப் பெயிண்டால் பெரிய பெருக்கல் குறி போட்டாள். ஒரு சாயங்காலம் யாதியேலே வந்து வேலிக்கு வெளியே நின்றான்.

"தோன்யா... எனக்கும் ஒண்ணு. மாமாவுக்குத் தெரிய வேண்டாம்."

"உனக்கு விலை பத்து டாலர் அதிகம். ஏப்பம்னு சொன்னதுக்கு."

அந்தப் பத்தையும் சேர்த்துக் கொடுத்தான்.

கடையில் கூட்டம் நெரியும் சனிக்கிழமையாகப் பார்த்து அவள் போனாள். சமையல் ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. கல்லாமுன் போய் நின்றாள்.

"கையை நீட்டு."

"எதுக்கு?" ஒஸ்வால்தோ சிரிக்கப் பார்த்தான். "அதான் கடன் இல்லன்னுட்டேனே."

"பந்தயத்துல ஜெயிச்சது என் காரு. அந்த மரியாதை அதுக்கு. எஞ்சினுக்கு நீ போட்ட சாமானுக்குக் காசு நான் குடுக்கணும். தர்மம் வேணும்னா கோயில் வாசல்ல போய்ப் போடு, இங்க ஆள் இல்ல. நீட்டு."

"அதை வெச்சுக்கோ நெரேயிதா, எதுக்கு இப்ப..."

"மாமா, நீட்டுங்க" என்றான் யாதியேல் பின்னாலிருந்து. கடையில் யாரும் சிரிக்கவில்லை. ஸ்பார்க் பிளக் கேட்டு வந்தவன் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

ஒஸ்வால்தோவின் கை மெல்ல விரிந்தது. நெரேயிதா ஏப்ரன் பையிலிருந்து கற்றையை எடுத்தாள். விரலை நனைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு நோட்டாக எண்ணி அவன் உள்ளங்கையில் வைத்தாள். "இருவது... நாப்பது... அறுவது..." நடுவில் அவன் விரல் மடங்கப் பார்த்தது. "இன்னும் முடியல, விரி" என்றாள். விரித்தான். "அறுநூத்தி அறுவது... அறுநூத்தி எம்பது... எழுநூறு."