கூரையில் இறங்கிய பறக்கும் அணில்

இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு, காட்டு மிருகங்களை ஆராய ஒருவர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர். பேசும்போதெல்லாம் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள தோலை இழுத்து இழுத்து விடுவார்.

என் மகள் அப்போது மாசமாக இருந்தாள். நானோ எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். கர்ப்பிணி வீட்டுக் கூரையில் பறக்கும் அணில் இறங்கினால் கருவுக்கு ஆகாது என்பார்கள் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்தில். ஒரு மாலை எங்கள் தகரக் கூரையில் அது தொம்மென்று விழுந்தது. மருமகன் மண்வெட்டிப் பிடியால் அடித்துத் தள்ளினான். கீழே விழுந்ததை நாலு பேர் சேர்ந்து அடித்தார்கள். மண்டை உடைந்த பிறகும் அது தோலை விரித்து விரித்துத் துடித்தது.

சத்தம் கேட்டு அந்த ஆராய்ச்சிக்காரர் ஓடி வந்தபோது அது செத்திருந்தது.

“புள்ளைய திங்க வந்த பேய்ங்க ஐயா. ரெக்கைய பாருங்க” என்றான் மருமகன்.

“ரெக்கை இல்லீங்க, தோலு. தோல் கொஞ்சம் அகலமா இருந்த அணில் தூரமாத் தாவிப் பொழைச்சுது. அதோட குட்டிக்கும் அந்தத் தோல் வந்துச்சு. அப்படி அப்படியே வந்ததுதான் இது.”

அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சின்னக் கத்தியால் கீறினார். உள்ளே ரோமமில்லாத குட்டி ஒன்று. கைக்கும் காலுக்கும் நடுவே மெல்லிய தோல் மடிப்பு.

“அந்தத் தோலு வயித்துக்குள்ளேயே வளந்திருக்கு, பாருங்க” என்று மருமகனிடம் நீட்டினார். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அவர் யாரையும் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்று மருமகன் சாப்பிட்டிருப்பான் என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது.