மனந்திரும்பாதவள்

என் மகள் எதையாவது உடைத்துவிட்டுச் சிரித்தால், "மனந்திரும்பாதவளே!" என்று இன்றைக்கும் என் வாயில் வந்துவிடும். செய்த தப்புக்குத் துளியும் வருந்தாதவள் என்று பொருள். எங்கள் சபையில் பிரசங்கத்தில் மட்டும் புழங்கிய வார்த்தை அது. அதை ஒன்பது வயதிலேயே நான் சொந்தமாகச் சம்பாதித்துக்கொண்டேன்.

கங்காதர நெல்லூர் பக்கம் எங்கள் ஊர். கோழி அடைகாத்தால் முதலில் பொரிந்த குஞ்சை "இது கோயிலுக்கு" என்று சர்ச்சுக்கு நேர்ந்து விட்டுவிடுவோம். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்புப் பண்டிகையன்று பூசணி, கரும்பு, வெல்லத்தோடு அதுவும் ஏலத்துக்குப் போகும். எடுத்தவர் வீட்டில் அன்றே குழம்பாகும். அந்த வருடத்துக் கோழி பள்ளிக்கூடம் வரை என் பின்னாலேயே வந்த கோழி. அது அடுத்தவர் சட்டியில் கொதிப்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. ஆராதனை நடக்கும்போதே நழுவிப் போய், கால் கயிற்றை அவிழ்த்து, கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய் எங்கள் காய்க்கூடையை அதன்மேல் கவிழ்த்துவிட்டேன்.

ஏலத்தில் கோழியைக் காணோம் என்றதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பாவாடையில் இறகு ஒட்டியிருந்தது. அத்தை என்னைத் தரதரவென்று பாஸ்டர் முன்னால் இழுத்துப் போனார்.

"நீதான் அவுத்தியாம்மா?" என்று கேட்டார் பாஸ்டர்.

"ஆமா ஐயா."

"எங்க வச்சிகினு கீற?"

"சொல்ல மாட்டேன்."

"செஞ்சதுக்கு வருத்தப்படறியா, இல்லியா?"

நன்றாக யோசித்துப் பார்த்தேன். கோயிலில் பொய் சொல்லக் கூடாதே. "இல்லீங்க ஐயா. கோழி உசுரோட கீது, எதுக்கு வருத்தம்?"

"மனந்திரும்பாதவ! சுத்த மனந்திரும்பாதவ!" என்று கத்தினார் அத்தை. நைனா சிரிப்பை மறைக்க மீசையைத் தடவிக்கொண்டார். எனக்கோ பட்டம் வாங்கியதுபோல் ஒரே பெருமை.

அந்த நேரம் பார்த்துப் பின்பக்க ஜன்னலுக்கு வெளியே கொக்கரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. ஜன்னலோரம் நின்றிருந்த அம்மா சட்டென்று கண்ணை மூடி, உரத்த குரலில் ஒரு ஸ்தோத்திரப் பாட்டை எடுத்தார். ஒருவர் பாட்டெடுத்தால் சபை சும்மா இருக்குமா? எல்லோரும் கைதட்டிச் சேர்ந்துகொண்டார்கள். ஆறு சரணத்தையும் அம்மா விடாமல் பாடினார். முடிவதற்குள் பாஸ்டர் கோழியை மறந்து, பூசணிக்காயை ஏலம் விடப் போய்விட்டார்.

கோழி பிழைத்தது. ஆனால் சபையில் ஒருநாளும் வாய் திறந்து பாடாத அம்மாவுக்கு, அன்றைக்கென்று அவ்வளவு பக்தி எங்கிருந்து வந்தது என்றுதான் எனக்கு விளங்கவே இல்லை.